காற்று நம்ம பக்கம்

மூன்று நாளாய் சோப்பு இல்லை, பீடி இல்லை,
தலைக்கு எண்ணெய் இல்லை.
திம்மராயன் மட்டும் இன்னொன்றையும் விட்டிருந்தான்:
அஞ்செட்டி ஆஸ்பத்திரியில் கொடுத்த
சிவப்பு மருந்து.
"புதினா வாசம் அடிக்குதுப்பா,
பன்னிக்கு அரை மைல் தள்ளியே தெரிஞ்சிடும்."

உரிகத்துக்கு மேற்கே
ஆச்சா மரத்தில் கட்டிய பரண்.
கீழே என் இரண்டு ஏக்கர் கேழ்வரகு.
கதிரெல்லாம் விரல் மடக்கி நிற்கிறது,
காசை மூடி வைத்த கைபோல.
அதில் கால் ஏக்கர்
புது உழவு போட்ட நிலமாய்க் கிடக்கிறது.
உழுதது நானில்லை.

ஆளுக்கொரு மூங்கில் வில்.
நாண், லாரித் தார்ப்பாய் இழுத்துக் கட்டும் நைலான்.
முனை, ராயக்கோட்டைப் பட்டறையில்
பழைய பட்டாவை வெட்டித் தட்டியது.
அவன் வில்லுக்கு நாண் ஏற்ற
சொந்தத் தம்பியைக்கூட விடமாட்டான்.
என்னிடம் மட்டும் நீட்டுவான்,
முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு.

பரண் ஏறினால் பேச்சு கிடையாது.
முட்டியில் ஒரு தட்டு: வருது.
இரண்டு தட்டு: குட்டிகளோட வருது, விட்டுடு.
தோளை அழுத்தினால் யானை.
வில்லை மற, மரமாயிடு.
ஒருமுறை அப்படி அழுத்திய கையை
விடியும்வரை அவன் எடுக்கவேயில்லை.
நானும் மூத்திரத்தை அடக்கிக்கொண்டு மரமாயிருந்தேன்.
வெளிச்சத்தில் திரும்பிப் பார்த்தால்
நல்ல தூக்கம்.

வாரத்தில் ஆறு நாள்
தேன்கனிக்கோட்டைப் பக்கம் கிரானைட் அறுக்கிறான்.
சனிக்கிழமை கடைசி பஸ்ஸில் அதே சட்டையோடு இறங்குவான்.
அதன் காலரைச் சுண்டினால் வெள்ளையாய்ப் பறக்கும்.
எட்டு வருஷமாய் அதை வைத்துத்தான் காற்றுப் பார்க்கிறோம்.
இன்றைக்கும் சுண்டினேன்.
தூசி எழும்பி
நேராய் எங்கள் மூஞ்சிக்கே வந்தது.
காற்று நம்ம பக்கம் என்று
கண்ணைச் சிமிட்டினான்.

பிறை இறங்கிய பிறகு
ஒரு தட்டு.

முதலில் தாள் முறிகிற சத்தம்.
பிறகு வாய் சப்பும் சத்தம்,
விருந்தில் கடைசிப் பந்திக்காரன் போல அவசரமில்லாமல்.
ஒத்தைப் பன்னி.
பிடரிமயிர் நட்டுக்கொண்டு நிற்க,
விலாவில் சேறு காய்ந்து வெடித்திருந்தது.
பதினைந்து அடி இருக்கும்.
இழுத்தேன்.
நாண் என் உதட்டோரம் வந்து நின்றது.

என் முட்டியில் இருந்த அவன் கை
நடுங்க ஆரம்பித்தது.
தட்டு இல்லை, அழுத்தலும் இல்லை.
எங்கள் கணக்கில் அதற்கு அர்த்தமே கிடையாது.

வேட்டையில் செய்யக்கூடாததைச் செய்தேன்.
இலக்கிலிருந்து கண்ணை எடுத்தேன்.
துண்டை உருட்டி வாய்க்குள் திணித்திருந்தான்.
கழுத்து நரம்பு கயிறாய்ப் புடைத்திருந்தது.
கண் இரண்டிலும் தண்ணீர்.
தலையை மட்டும் ஆட்டுகிறான்:
அடி, அடி, அடி.

பன்னியோ
நான் கேட்டு வாங்கியதுபோல
பக்கவாட்டில் திரும்பி நின்று தருகிறது.

நாணைத் தளர்த்தினேன்.
கை எரிந்தது.
பரணில் எட்டு வருஷத்தின் முதல் பேச்சு
என் வாயிலிருந்துதான் வந்தது:

"இருமுய்யா."

ஆச்சா மரம் இலை உதிர இருமினான்.
அவனுக்குள் யாரோ டிப்பரைத் தூக்கி
ஜல்லி கொட்டிக்கொண்டேயிருந்தார்கள்.
கேழ்வரகில் ஒரு கோடு விழுந்து
காடுவரை ஓடி மறைந்தது.
எங்கெங்கோ நாய்கள் எழுந்தன.

அடங்கியதும் துண்டால் வாயைத் துடைத்தான்.
துடைத்த இடத்தை மடித்து உள்ளே வைத்துக்கொண்டான்.
"நாப்பது கிலோ தேறியிருக்கும். அறிவிருக்கா உனக்கு?"
திட்டினான். ரொம்ப நேரம் திட்டினான்.
நான் வில்லிலிருந்து நாணைக் கழற்றினேன்,
முதலில் அவனுடையதை.

அடுத்த சனிக்கிழமையும் ஏறினோம்.
மருந்தை நான்தான் மடியில் கொண்டுபோனேன்.
மூடியில் ஊற்றி நீட்ட, முறைத்துக்கொண்டே குடித்தான்.
புதினா வாசம் பரண் முழுக்க.
காற்று எந்தப் பக்கம் என்று
ஜாடையில் கேட்டான்.

தெரியாது என்றேன்.
அவன் காலர் பக்கம்
கையைக் கொண்டுபோகவில்லை.