எட்டு சென்ட் புல்

கானாடுகாத்தான் விடுதிக்குப் பின்னால்
எட்டு சென்ட் புல்.
செம்மண் அதை இன்னும் மருமகளாகத்தான் பார்க்கிறது.

மேனேஜர் சேவுகன்
காரைக்குடியிலிருந்து ஒரு வண்டி இறக்கினார்.
இரண்டு சக்கரம், மேலே புனல்,
தள்ளத் தள்ள யூரியா விசிறும்.
என்னிடம் இருந்தது கையால் சுற்றுவது,
பயாஸ்கோப்புக்காரன் போல
வயிற்றோடு அணைத்து.
அரை மணியில் மணிக்கட்டு கெஞ்சும்.

நேர்க்கோட்டில் வண்டி சொன்ன பேச்சு கேட்கும்.
கிணற்றடி வளைவில்
எங்கே விட்டது, எங்கே இரண்டு முறை போட்டது,
அதற்கும் தெரியாது
எனக்கும்.

பத்தாம் நாள் தெரிந்தது:
ஒரு பட்டை கரும்பச்சை,
பக்கத்தில் வெளிறிய பட்டை,
திரும்பிய இடமெல்லாம் தீய்ந்த தோசை.
அன்றைக்குப் பார்த்து சாந்திக் கல்யாணம்.
மாடியிலிருந்து போட்டோக்காரப் பையன் குனிந்து
"அண்ணே, டிசைனா?" என்றான்.
"ஆத்தங்குடி டிசைன்" என்றேன்.
சேவுகன் சிரிக்கவில்லை.

இப்போது நடுவே வண்டி,
பாதி அளவு திறந்து, குறுக்கும் நெடுக்குமாய்.
கிணற்றடிக்கும் அரளி ஓரத்துக்கும்
மணிக்கட்டில் துண்டைச் சுற்றிக்கொண்டு நான்.

"ஒன்று போதாதா அடைக்கலம்?"
என்று கணக்கு நோட்டோடு வந்தார்.
வளைவை நிமிர்த்தித் தாருங்கள், போதும்.

உரம் இரும்பையும் தின்னும்.
இரண்டையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு
டீக்குப் போனேன்.