இடது காலுக்குள் ஒரு சீட்டு

அமெரிக்கா போன பூட்ஸ்
முந்நூற்றுப் பதினாறு ஜோடி
துத்திப்பட்டுக்கே திரும்பி வந்தன.
பெட்டியெல்லாம் வேறு ஏதோ ஊர்த் தூசி.
பேரணாம்பட்டு வேனை விட்டு இறங்கியதும்
சூப்பர்வைசர் என் மேசையில் கொட்டினான்:
"தையல் விட்டுப்போச்சாம். உங்க லைன்தான்.
பிரிச்சுத் தைங்க. இதுக்குக் கூலி இல்ல."

என் தையல் விடாது.
பதினோரு வருஷத்தில் விட்டதில்லை.

ஒன்பதாம் நம்பர், ஆம்பளை பூட்ஸ், இடது கால்.
விரலை விட்டால் சரசரத்தது.
அட்டை என்று எறியப் போனேன்.
பென்சில் எழுத்து. ஏ பி சி டிதான்,
ஆனால் இங்கிலீஷ் இல்லை.
ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டேன்.
கேட்டில் தடவிப் பார்க்கிறவள் என் சித்தி மகள்,
அங்கே மட்டும் தடவ மாட்டாள்.

சாப்பாட்டு மணிக்கு
பசை டப்பாக்களுக்குப் பின்னால் விரித்தோம்.
டெஸ்பாட்ச் ஃபர்ஹானாவிடம் போன் இருந்தது.
காட்டினாள், அது தமிழில் கக்கியது.
முழுசாக இல்லை, ஆனாலும் போதும்:

என் பெயர் பெத்ரோனா. கிடங்கு நான்கு.
இங்கே எல்லோருக்கும் நான் மெக்சிகோக்காரி.
நான் குவாத்தமாலா.
இந்தச் சீட்டின் பாஷைகூட
என் அம்மாவின் பாஷை இல்லை.
இரண்டு எல்லை தாண்டி வந்தேன்.
ஒன்றுக்குப் போனால் நிமிஷம் எண்ணுகிறார்கள்.
செவ்வாய்க்கிழமை வேலையை நிறுத்துகிறோம்.
தைத்தவர்களே, உங்கள் தையல் நன்றாகவே இருந்தது.
பெட்டி திரும்பட்டும் என்று
பிரித்தது நாங்கள். மன்னியுங்கள்.

"மன்னிக்கவா?" என்றாள் வசந்தாமணி.
"அவ ஸ்ட்ரைக் பண்ண
நான் எதுக்குடி ஓசியில தைக்கணும்?"
யாரும் பதில் சொல்லவில்லை.
அவள் கேட்டதில் தப்பில்லை.

புத்னி மட்டும், ஹாஸ்டல் பெண்,
அந்த அம்மா பாஷை வரியை
மறுபடி படிக்கச் சொன்னாள்.
மறுபடியும்.
ஜார்க்கண்ட் என்று ஐடி கார்டில் இருக்கிறது.
"இந்திப் பொண்ணே, நூல் கொடு" என்று
ரெண்டு வருஷமாகக் கூப்பிடுகிறோம்.
"இந்தி எனக்கு ஸ்கூல்ல வந்தது" என்றாள்,
எங்களிடம் கற்ற தமிழில்.
"வீட்டுல குடுக்."
வசந்தாமணி தன் டப்பாவிலிருந்த முட்டையை
அவள் பக்கம் நகர்த்தினாள்.

எங்கள் தெருவுக்கும் ஊர் ஒரு பெயர் வைத்திருந்தது.
தோல் நாற்றத்தோடு சேர்த்துச் சொல்வார்கள்.
அதை இங்கே எழுத மாட்டேன்.

ஸ்ட்ரைக்குக்கு அவள் எழுதியிருந்த வார்த்தையை
போன் வாய்விட்டுச் சொல்லியது: உவெல்கா.
மதியம் முழுக்க லைனில் அது ஓடியது.
ஊசி உடைந்தால் உவெல்கா,
நூல் தீர்ந்தால் உவெல்கா.
புது மெஷின் ஆயிலா என்று கேட்டான் சூப்பர்வைசர்.
ஆமாம் சார், நல்ல ஆயில்.

மூன்று மணிக்கு
பெடலிலிருந்து காலை எடுத்தோம்.
முதலில் வசந்தாமணிதான்.
திருப்பித் தைக்கிறதை ரெஜிஸ்டரில் எழுது,
அப்புறம் தைக்கிறோம்.
இருபத்தைந்து நிமிஷம்
ஃபேன் சத்தம் மட்டும்.
ஹெச்.ஆர். வந்தார், போனார், வந்தார்.
பாதிக் கூலி எழுதினார்கள்.
பாதிதான்.

ஒன்பதாம் நம்பர் இடது காலைக்
கடைசியாக எடுத்தேன்.
உள் அட்டைக்கடியில் தமிழில் எழுதி வைத்தேன்:
செவ்வாய்க்கிழமை என்ன ஆச்சு?
கீழே புத்னி தன் முழுப்பெயரைப் போட்டாள்,
புத்னி குஜூர்.
அந்த ஊர் போன் இதைப் படிக்குமோ என்னவோ.

குதிகால் பக்கம் கடைசித் தையலுக்கு
முடிச்சுப் போடவில்லை.
நுனியை உள்ளே மடக்கிவிட்டேன்,
தெரிந்தவள் இழுத்தால் கையோடு வரும்.

திரும்பி வந்தால்
என் மேசைக்குத்தான் வரும்.
வரட்டும்.