முந்நூற்றுப் பன்னிரண்டாவது கண்

நாரின் மேட்டில் அக்டோபர்.
காற்று ஆட்டுமயிரை வாய்க்குள் ஊதுகிறது.
டொக்டொசுன் குட்டியை முழங்காலில் இடுக்கிக்கொள்ள,
நான் இமை விலக்கி ஒரு சொட்டு விடுவேன்.
செத்த கிருமியில்லை, அடக்கிவைத்த உயிர்க்கிருமி.
ஆட்டுக்கு அடங்கும்.

பாதுகாப்புக் கண்ணாடி இருந்தது.
மூச்சுப்பட்டு மங்கியதால்
நெற்றியில் ஏற்றிவிட்டிருந்தேன்.

கறுப்புக் குட்டி ஒன்று தலையை உதறியது.
என் இடது கண்ணில் சில்லென்றது.
வாளித் தண்ணீரை அள்ளி அடித்துக் கழுவிவிட்டு
அதற்கு வேறு சொட்டு விட்டேன்.
சாயங்காலம் கணக்குப் புத்தகத்தில்
"ஒரு சொட்டு சிந்தியது" என்று எழுதினேன்.
எங்கே என்பதற்குக் கட்டம் இல்லை.

மூன்றாம் வாரம்
மாலையில் ஏறி விடியலில் இறங்கும் காய்ச்சல்.
பிழியலாம் போல நனைந்த போர்வை.
இடுப்புக்குள் யாரோ ஆணி முறுக்கினார்கள்.

பச்சைப்பால் குடித்தாயா என்றாள் மருத்துவர் குல்சினா.
இல்லை.
செத்துப் பிறந்த குட்டியைத் தொட்டாயா?
இல்லை.
பையிலிருந்த காலிப் புட்டியை மேசையில் வைத்தேன்.
லேபிளை இரண்டு தடவை படித்தாள்.
சீட்டில் எழுதியிருந்த ஊசியின் பெயரை அடித்தாள்:
"இந்த வகை அதற்கு மசியாது."

ஆறு வாரம், இரண்டு நிறத்தில் மாத்திரை.
மூத்திரம் செங்கல் நிறத்தில் போகிறது என்றேன்,
டொக்டொசுன் சிரித்தான்.
சிரித்து முடித்ததும்
தன் கைகளை முகர்ந்து பார்த்துக்கொண்டான்.

வசந்தம். மந்தை மேலே ஏறுகிறது.
மருந்து நல்ல மருந்துதான்,
ஒரு ஆட்டுக்கும் கரு கலையவில்லை.
கறுப்புக் குட்டி, இப்போது கொம்பு முளைத்தது,
என்னை இடித்துக்கொண்டு போகிறது.
ஒரே புட்டியில் குடித்தவர்கள் நாங்கள்.
கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப்
போட்டுக்கொள்கிறேன்.
மங்கலாகத்தான் தெரிகிறது.