மூன்றாம் எண் கூண்டு

மூன்றாம் எண் கூண்டு ஏற்றிய அன்று
பாம்பன் துறையில் படகுகள்
ஒன்றை ஒன்று தோளால் இடித்துக்கொண்டு கிடந்தன.
ஐஸ் கம்பெனியின் பின்கட்டில்
கேரம் போர்டுக்கு மேலே
ஒற்றை பல்பு ஆடிக்கொண்டிருந்தது.

கடைசி ஆட்டம்
எனக்கும் கஸ்பாருக்கும்.
நாலு வருடமாக அது வேறு யாருக்கும் வாய்த்ததில்லை.

முதல் வருடம் தோற்றதும்
ஸ்ட்ரைக்கரைக் குந்துகால் பக்கம் கொண்டுபோய்க்
கடலில் எறிந்தேன்.
அது என்னுடையதுகூட இல்லை.
பிலவேந்திரன் இன்றைக்கும்
நூற்றியெண்பது ரூபாய் கேட்கிறான்.

அடுத்த வருடம்
உப்புக்காற்றில் பலகை ஊதிவிட்டது என்றேன்,
பவுடர் மட்டம் என்றேன்,
பல்பு என் பக்கம் மங்கல் என்றேன்.

அதற்கடுத்த வருடம்
கஸ்பாருக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள்.
மாப்பிள்ளை முகம் வாடக்கூடாதென்று
விட்டுக்கொடுத்தேன் என
டீக்கடை டீக்கடையாகச் சொன்னேன்.
கல்யாணத்துக்குப் போகவில்லை.

இதோ இந்த வருடம்:
அவனுக்கு ஒரு வெள்ளை,
எனக்கு ஒரு கறுப்பு,
நடுவில் சிகப்பு.
சிகப்பைப் போட்டேன்.
கூட்டம் ஒருமுறை மூச்சை உள்ளே இழுத்தது.
ஃபாலோ விழ வேண்டும், அவ்வளவுதான்.
கறுப்பு உருண்டையாய் நழுவிப் போய்க்
குழி விளிம்பில் நின்றது,
உள்ளே எட்டிப் பார்க்கிறவன் மாதிரி.
விழவில்லை.

குழிக்குள் கைவிட்டுச்
சிகப்பை எடுத்து
நானேதான் நடுவில் வைத்தேன்.

கஸ்பார் உடனே அடிக்கவில்லை.
"ரயில் போச்சுல்ல, பலகை அதிர்ந்துச்சு.
வேணும்னா இன்னொருக்க அடி" என்றான்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
மூன்று வருடமாக நான் தேடிய காரணம்
தானாக வந்து மடியில் விழுந்திருக்கிறது,
அதுவும் அவன் கையாலேயே.

கடலிடம் தோற்று வராத வாரம் உண்டா எனக்கு?
டீசல் காசுக்கும் ஆகாமல்
வலைமடி நிறையச் சொறிமுட்டையும்
நாலு பேத்தை மீனுமாக வருவேன்.
ஒருநாளும் கடலைக் கள்ளாட்டம் என்று திட்டியதில்லை.
நாளைக்குப் பார்ப்போம் என்று
வலையை உதறிக் காயப் போடுவேன்.
அத்தனை பெரியதிடம் வராத ரோசம்
ஐந்தரையடிக் கஸ்பாரிடம் மட்டும்
எங்கிருந்து வருகிறது?

"ரயில் அப்பவே அக்காள்மடம் தாண்டிருச்சு.
நீ அடி" என்றேன்.
சொன்ன வாய் என்னுடையதுதானா என்று
எனக்கே சந்தேகம்.

அடித்தான்.
சிகப்பு. பின்னாடியே வெள்ளை.
சத்தமே இல்லாமல் இரண்டும் போயின.
நல்ல அடி.
"நல்ல அடி" என்று சொல்லவும் சொன்னேன்,
கொஞ்சம் லேட்டாக,
தொண்டையில் முள் இருக்கிறவன் மாதிரி.

தோற்றவன் எழும்ப வேண்டும்,
அடுத்தவன் உட்கார வேண்டும்.
இங்கே அதுதான் வழக்கம்.
எழும்புவதற்கு முன்
காய்களைக் கூட்டி வட்டமாக அடுக்கினேன்.
வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு.
யாரும் அடுக்கச் சொல்லவில்லை.
கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

வீட்டில் லிதியாள்
கதவைத் திறந்தபடியே கேட்டாள்: "என்னாச்சு?"
"தோத்துட்டேன்."
அவள் நின்றாள்.
பலகை, பவுடர், பல்பு எல்லாம்
இனிமேல்தான் வரும் என்று
முந்தானையில் கை துடைத்தபடி காத்திருந்தாள்.
"அப்புறம்?"
"அவ்வளவுதான்."
குழம்பைச் சூடுபண்ணப் போனவள்
ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்,
காய்ச்சல்காரனைப் பார்ப்பதுபோல்.

ராத்திரி காற்று இறங்கியது.
விடிந்தால் கூண்டையும் இறக்கிவிடுவார்கள்.
தூங்கிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.
ஆனால் ஆள்காட்டி விரல் மட்டும்
பவுடர் போகாத நகத்தோடு
கட்டில் சட்டத்தில்
அந்தக் கறுப்பைத் திரும்பத் திரும்பச்
சுண்டிக்கொண்டிருந்தது,
இன்னும் ஒரு நூல் இடப்பக்கமாக.