பெல்ட் போடாத சாலை

இரவு மூன்று பத்து. மறுபடியும் ஹெல்டுர்.
கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் நடுவே
ஒருக்களித்துக் கிடக்கிறார்,
கன்னத்தைத் தரையில் ஒட்டி
கீழே எதையோ கேட்பவர் போல.

எலும்பு தப்பியது. புருவத்தில் மூன்று தையல்.
படிவத்தில் ‘விழுந்த காரணம்’ என்ற கட்டத்துக்கு
என்னிடம் இருந்தவை பழைய சொற்கள்தாம்:
லூயி பாடி டிமென்ஷியா. தள்ளாட்டம். மாயக்காட்சி.
ஒத்துழைக்க மறுக்கிறார்.

கடைசி வரி என் சொந்தச் சரக்கு.
சக்கர நாற்காலியின் பெல்ட்டை
நேற்று மட்டும் பதினோரு முறை கழற்றினார்.
நான் மாட்ட, அவர் கழற்ற,
“பைத்தியமா உனக்கு?” என்று
என்னைத்தான் கேட்டார்.
தார்த்து மனநலப் பிரிவில் பன்னிரண்டு வருஷம்;
நான் சிரித்திருக்க வேண்டும்.

தரை துடைக்க வரும் லெயிலி
அவருடைய தீவுக்காரி.
வாளியை வைத்துவிட்டுச் சொன்னாள்:
“ஹீயுமாவில் கடல் உறைந்தால்
அதன்மேல்தான் எங்களுக்கு ரோடு.
அங்கே பெல்ட் போடக் கூடாது. சட்டமே அதுதான்.
பனிக்கட்டி உடைந்தால்
கதவைத் திறந்து குதிக்க வேண்டாமா?
இவர் முப்பது குளிர்காலம் பால்வண்டி ஓட்டியவர்.”

அன்றிரவு விளக்கணைத்தபின்
அவர் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தேன்.
தாழ்வாரத்துக் குழல்விளக்கு
கதவிடுக்கில் நுழைந்து
தரை முழுக்கக் கறுத்து மினுங்கியது,
குறுக்கே ஒரு வெள்ளைக் கீறல்.
நாங்கள் பெருமையாய் மெழுகேற்றிய தரை.
காலை வைக்க எனக்கே
மனசு வரவில்லை.

மெழுகை நிறுத்தினோம்.
குழல்விளக்கை அட்டையால் மறைத்தோம்.
கட்டிலோரம் தாழ்வாக ஒரு மஞ்சள் விளக்கு.
நீளமான பைஜாமாவை மடித்துத் தைத்தாள் லெயிலி,
அவள் வேலையே இல்லை அது.
தூக்க மாத்திரையை டாக்டர் பாதியாக்கினார்,
நான் மூன்று முறை நச்சரித்த பிறகு.

இரண்டரைக்கே போய் எழுப்புகிறேன்,
மூத்திரம் அவரை எழுப்புமுன்.
“இன்று எத்தனை சென்டிமீட்டர்?”
குதிகாலால் தரையைத் தட்டுகிறார். யோசிக்கிறார்.
“நாற்பது. லாரியே போகலாம்.
நீ ஒட்டி வராதே. இடைவெளி விடு.”
விடுகிறேன், ஒரு சாண்,
அவர் இடுப்புக்குப் பின்னால்
விரித்த கையோடு.

பத்தொன்பது இரவுகள்.
இருபதாவது இரவு எனக்கு விடுப்பு.
முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான்.
மாற்றாக வந்தவள் எழுதியிருந்தாள்:
நோயாளி பெல்ட் அணிய மறுத்தார்.
அதற்குக் கீழே, என் கையெழுத்தில்:
தாழ்வாரத்து விளக்கு.
அட்டை கழன்று கிடந்தது.