எங்கிருந்து, எங்கே, வானிலை

நூற்று நாற்பத்தொரு நாள் தெற்கே நடந்து
லின்டெஸ்னெஸ் கலங்கரை விளக்கத்தின் கீழ்
கடல் குறுக்கே வந்துவிட்டதால்
நின்றாய்.
அதுதான் முடிவு.
நான் கொண்டுவந்த கேக்கை
நின்றபடியே கையால் பிய்த்து முழுவதும் தின்றாய்.
இப்போது அழுவாய் என்று காத்திருந்தேன்.
கார் எங்கே என்றாய்.
நானூறு மீட்டர் என்றேன்.
"அவ்வளவுதானா?"
அங்கேதான் அழுதாய்.

காருக்குள் இருக்கைப் பட்டையை மாட்டத் தெரியவில்லை.
இடுப்பில், முதுகுப்பையின் கொக்கியைத்
தேடிக்கொண்டிருந்தது கை.

வீட்டுக்கு வந்து பதினெட்டு நாள்.
கட்டிலில் பாதி மிஞ்சுகிறது.
பால்கனிக் கதவைத் திறந்துவைத்து
அதன் பக்கத்தில் தரையில் உறங்குகிறாய் நீ.
அக்டோபர் உள்ளே நுழைந்து
என் பாதத்தைத் தொட்டுப் பார்க்கிறது.
குழாயைக் கண்டால் புட்டியை நிரப்புகிறாய்,
அடுத்த குழாய் எட்டடியில் இருந்தாலும்.
பழைய காலணி ஒன்றும் சேரவில்லை.
நாற்பத்தொன்பது வயதில் கால் வளர்ந்துவிட்டது,
கால் பாவத்தான்
இடமில்லை.
மலைக்குடில்களுக்கெல்லாம் ஒரே சாவி.
அதை நம் கதவில் விட்டுத் திருகித் திருகி
மூன்று முறை என்னைக் கூப்பிட்டாய்.
மூன்று முறையும் நான்தான் உள்ளிருந்து திறந்தேன்.

இங்குன், உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது.
நாள் எண்ணிச் சுவரில் கோடு கிழித்தவன் அல்ல நான்.
கைபேசி வரைபடத்தில் உன் நீலப்புள்ளி ஊர்வதை
முதலில் மணிக்கொருமுறை பார்த்தேன்.
பிறகு இரவில் மட்டும்.
ஜூலையில் ஒரு வாரம்
பார்க்கவே மறந்துபோனேன்.
அந்த வாரத்தில்தான் நீ
மூடுபனியில் வழி தவறியிருக்கிறாய்.
நான் வானொலியைச் சத்தமாக வைத்து
மத்தி மீனை டப்பாவிலிருந்தே தின்று
உன் நாற்காலியில் துணி குவித்துக்கொண்டிருந்தேன்.
நன்றாகத்தான் இருந்தது.
நீ திரும்பி வரவேண்டிய தூரம் இன்னும் பாக்கி என்கிறார்கள் எல்லோரும்.
எனக்கும் கொஞ்சம் பாக்கி.

திங்கட்கிழமை மீண்டும் பேருந்து ஓட்டப் போனாய்.
ஹோவ்டனிலிருந்து கிறிஸ்தியான்சான்.
அதே பள்ளத்தாக்கின் மேல் விளிம்பில்
ஒன்பது நாள் நடந்திருந்தாய்.
இப்போது மூன்றரை மணி நேரம்,
ஏவ்யேயில் காப்பிக்குப் பத்து நிமிடம் சேர்த்து.
இரவு, சூப்பை ஆற்றிக்கொண்டே சொன்னாய்:
"ஒரு ஓடை. அன்றைக்குக் காலுறையைக் கழற்றிவிட்டு
நாற்பது நிமிடம் யோசித்துத்தான் அதில் இறங்கினேன்.
இன்று பாலத்தின் மேல் போனேன்.
டயருக்குத் தெரியவே இல்லை."
அதன் பிறகு மெதுவாக ஓட்டினாயாம்.
பள்ளிக்கூடப் பையன் ஒருவன் முன்னால் வந்து
வண்டியில் ஏதும் கோளாறா என்று கேட்டானாம்.
ஆறு நிமிடம் தாமதம்.
பதினோரு வருடத்தில் முதல் தடவை.
சொல்லும்போது உன் முகத்தில்
திருடியவளின் களை.

குடில்தோறும் ஒரு ஏடு கிடக்குமாமே.
பெயர், எங்கிருந்து, எங்கே, வானிலை.
ஆள் காணாமல் போனால்
தேடுகிறவர்கள் முதலில் புரட்டுவது அதைத்தான் என்றாய்.
இன்று காலை
குளிர்சாதனப் பெட்டியின் கதவில், மின்கட்டண உறையின் முதுகில்:

இங்குன்.
சமையலறையிலிருந்து பணிமனைக்கு.
ஈரப்பனி, மேற்கிலிருந்து காற்று.

காப்பி ஆறிப்போகும்வரை நின்றிருந்தேன்.
நீ போன திசை தெரிந்த வீட்டில்
பேனா எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.
கடைசியில் பென்சிலால்தான் எழுதினேன்:

ஔடுன்.
கட்டிலின் இடது பாதியிலிருந்து
பால்கனிக் கதவோரத் தரைக்கு, இன்றிரவு.
வானிலை போய்த்தான் பார்க்கவேண்டும்.
இன்னொரு உறங்குபை இருந்ததே,
கராஜிலா?