நான்காம் மதகு

சிம்பாய்க்கு வடக்கே பருத்தி இன்னும் முழங்கால்கூட எட்டவில்லை.
குல்பர்ஷின் ட்ரோனைக் கிளப்புகிறாள்.
வாத்துகள் திட்டிக்கொண்டே கலைகின்றன.

வாய்க்காலுக்கு மேல் அசையாமல் நின்று
அது கயிற்றில் ஓர் உணரியை இறக்குகிறது,
மீன் வேண்டாத தூண்டில்.
முதல் மதகில் லிட்டருக்கு ஒன்றரை கிராம் உப்பு.
இரண்டாவதிலும் அதே.
மூன்றாவதில் காற்று; கயிறு நாணலில் சிக்கி
அரைமணி நேரம் போயிற்று.
நான்காவதில்
மூன்றே முக்கால்.

திரையை விரல்களால் அகட்டுகிறாள்.
இடக்கரையில் ஒரு குழாய்வாய்,
நீலத் தார்ப்பாய் போர்த்தி.
அந்தத் தார்ப்பாயை அவளுக்குத் தெரியும்.
ஓரஸ்பாய் மகள் கல்யாணப் பந்தலுக்கு
அவளே இரவல் கொடுத்தது.
மூலையில் அவள் போட்ட தையல்.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பானாம்.
இங்கே
தண்ணீர் குடித்த செடி உப்பைத் தின்கிறது.

அறிக்கையில் பெயர் எழுதும் கட்டம்
கீழ்வயல் மண்ணைப்போல் வெளுத்துக் கிடக்கிறது.

பேட்டரி பதினொரு சதவீதம்.
திரும்பக் கூப்பிடாமல்
தார்ப்பாய்க்கு நேர்மேலே நிறுத்துகிறாள்.
சத்தம் கேட்டு ஓரஸ்பாய் வெளியே வருகிறார்,
கண்ணுக்குமேல் கை வைத்து அண்ணாந்து பார்க்கிறார்,

யாரென்று தெரியாமலே
கையசைக்கிறார்.